செம்மறிக் குட்டிகளில் தீன் மொடலைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதன்முதலில் ஒரு தீன் மொடலைச் சோதித்தபோது எனக்குக் கிடைத்த முடிவு மிக அழகாக இருந்தது. மொடல் சொன்ன எடை அதிகரிப்பும் எங்கள் கொட்டில் குட்டிகளின் எடை அதிகரிப்பும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன. ஆனால் முதல் நாள் எடை எடுத்தது விடிய, தீனும் தண்ணீரும் வைக்க முன்னர். கடைசி நாள் தராசு வரப் பிந்தியதால் பின்நேரம்தான் நிறுத்தோம். அதற்குள் குட்டிகள் வயிறு நிறையத் தின்று தண்ணீரும் குடித்துவிட்டன. மனம் கேட்காமல் மறுநாள் விடிய திரும்ப நிறுத்தேன். ஒவ்வொன்றிலும் முக்கால் கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. மொடலோடு பொருந்தியிருந்தது வயிற்றில் கிடந்த குழையும் தண்ணீரும்தான்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாயம் படிக்கும் பிள்ளைகளும், தீவுப்பகுதியிலோ வடமராட்சியிலோ பட்டி வைத்துக்கொண்டு கணினியில் தீன் கணக்குப் பார்க்கத் தொடங்கியிருப்பவர்களும் இதே இடத்தில் இடறக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தீன் மொடல் என்பது ஒரு கணக்குத் தொகுதி. குட்டியின் எடை, தின்னும் தீன், அந்தத் தீனின் சக்தி, புரதம் ஆகியவற்றைக் கொடுத்தால், நாளுக்கு எத்தனை கிராம் கூடும் என்று அது சொல்லும். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1985இல் செம்மறிக்கும், 2007இல் சிறு அசைபோடும் விலங்குகளுக்கும் வெளியிட்ட அட்டவணைகள், பிரித்தானியாவின் விவசாய, உணவு ஆராய்ச்சிக் கவுன்சில் (ஏ.எஃப்.ஆர்.சி.) 1993இல் தந்த முறை, அவுஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் முறை, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக முறையை அடியாகக் கொண்டு 2004இல் செம்மறிக்கென வந்த முறை ஆகியவை அதிகம் புழங்குபவை. இவற்றின் பெரும்பகுதி குளிர்நாட்டுப் பெரிய இனங்களில் அளந்த தரவுகளில் இருந்து வந்தது. அதற்காக அவற்றைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. நம் குட்டியில் எந்தப் பகுதி பொருந்துகிறது, எந்தப் பகுதி பொருந்தவில்லை என்று பார்க்கத்தான் சோதனை.

முதல் தவறு இங்கேயே நடக்கிறது. 15 கிலோ என்றால் எல்லா ஊரிலும் 15 கிலோதான் என்று நினைத்துவிடுகிறோம். முழு வளர்ச்சியில் 80 கிலோ வரும் இனத்தில் 15 கிலோக் குட்டி தன் முதிர் எடையின் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. நம் நாட்டுச் செம்மறி சின்ன உருவம். முதிர் எடை 25 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதே 15 கிலோவில் நம் குட்டி 60 வீதத்தில் நிற்கிறது. முந்தையது கூட்டும் எடையில் தசைதான் பெரும்பங்கு. நம்முடையதில் கொழுப்பு ஏறத் தொடங்கிவிடும். ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 39 மெகாயூல் சக்தி இருக்கிறது. ஒரு கிலோ புரதத்தில் ஏறத்தாழ 24 தான், அதிலும் புரதம் தசையாகப் படியும்போது தன் எடையைப்போல மூன்று மடங்குக்கு மேல் நீரையும் சேர்த்துக்கொள்ளும். ஆகவே நம் குட்டிக்கு ஒரு கிலோ கூட்ட அதிக சக்தி செலவாகும். முதிர் எடையைத் திருத்தாமல் ஓட்டினால் மொடல் வளர்ச்சியைக் கூட்டித்தான் சொல்லும். அப்புறம் வெப்பத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. உங்கள் பட்டியிலுள்ள முதிர்ந்த கிடாய்களையும் பெட்டைகளையும் நிறுத்து, அந்த எடையைக் கொடுங்கள்.

எடை எடுப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம். நாளுக்கு 80 கிராம் கூடும் குட்டி 14 நாளில் 1.12 கிலோதான் கூடும். வயிற்று நிறைவால் அரைக் கிலோ வித்தியாசம் வந்தாலே அதில் பாதி போய்விடும். அதே குட்டி 84 நாளில் 6.7 கிலோ கூடும், அப்போது அந்த அரைக் கிலோ பெரிய விடயமில்லை. எனவே சோதனையை நீட்டுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், இரவு பட்டினி போட்டு விடிய நிறுங்கள். முதல் எடைக்கும் கடைசி எடைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் நம்பாமல் எல்லா எடைகளுக்கும் ஊடாக ஒரு கோடு வரைந்து அதன் சாய்வை எடுங்கள். மொடல் எந்த எடையைக் கேட்கிறது என்பதையும் பாருங்கள். ஏ.எஃப்.ஆர்.சி. முறை உயிர் எடையை 1.08 ஆல் வகுத்துப் பட்டினி எடையாக்குகிறது. அமெரிக்க முறையில் 0.96 ஆல் பெருக்குவது வழக்கம். முற்றிய புல்லும் வைக்கோலும் தின்னும் நம் குட்டியின் வயிறு இதைவிட அதிகமாகவே தாங்கி நிற்கும்.

தீன் பக்கம் வந்தால், மென்பொருளுக்குள் இருக்கும் அட்டவணையில் இருந்து எடுத்துப் போடுவதுதான் பெரிய தவறு. அங்கே இருப்பது குதிரைமசாலும் குளிர்நாட்டுப் புல்லும். நாங்கள் போடுவது கிளிரிசிடியா, பூவரசங்குழை, முள்முருக்கு, வைக்கோல், எள்ளுப் புண்ணாக்கு, தவிடு. இவற்றின் மாதிரியை எடுத்து ஆய்வுகூடத்தில் உலர்பொருள், புரதம், நார் எல்லாம் பார்த்த பிறகுதான் மொடலுக்குள் போட வேண்டும். குழையில் புரதம் அதிகம் என்று சந்தோசப்படவும் முடியாது. சில மரக்குழைகளில் உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும், குட்டிக்கு முழுதாகக் கிடைக்காது.

மிச்சம் விட்ட தீனை நிறுத்தால் மட்டும் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. செம்மறி இலையைப் பொறுக்கித் தின்றுவிட்டுத் தண்டை விட்டுவிடும். போட்ட தீனில் 15 வீதம் புரதம் என்றால் தின்றதில் அதைவிடக் கூட இருக்கும். தொட்டியில் கிடக்கும் மிச்சத்தையும் தனியாக ஆய்வுக்கு அனுப்பினால்தான் குட்டியின் வயிற்றுக்குள் போனது என்னவென்று தெரியும். ஆறு குட்டி ஒரே தொட்டியில் தின்றால் உங்களுக்குக் கிடைப்பது ஆறு தரவு அல்ல, ஒன்றுதான்.

இனி, நான் மிகவும் கவலைப்படும் தவறு. மொடல் இரண்டு வேலை செய்கிறது. குட்டி எவ்வளவு தின்னும் என்று ஊகிக்கிறது. தின்றதில் எவ்வளவு எடையாகும் என்றும் ஊகிக்கிறது. பலர் இரண்டையும் சேர்த்து ஓட்டி, கடைசியில் வரும் எடையை மட்டும் ஒப்பிடுகிறார்கள். நம் வெப்பத்தில் குட்டி குறைவாகத் தின்னும். மொடல் கூட்டிச் சொல்லும். அதே மொடல் பராமரிப்புக்கு, அதாவது எடை கூடாமல் குறையாமல் உயிர்வாழ, தேவையான சக்தியையும் கூட்டிச் சொன்னால், ஒரு பிழை மற்றதை மறைத்துவிடும். எடை பொருந்தியிருக்கும், உள்ளே இரண்டும் பிழை. தீன் மாறிய அன்றைக்கு எல்லாம் குலைந்துபோகும். ஆகவே முதலில் நீங்கள் அளந்த தீன் அளவையே மொடலுக்குக் கொடுத்து எடையைப் பாருங்கள். பிறகு அது சொல்லும் தீன் அளவை உங்கள் அளவோடு தனியாக ஒப்பிடுங்கள். அதற்குப் பிறகுதான் இரண்டையும் சேர்த்து ஓட்ட வேண்டும்.

ஒப்பிடும் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. ஐந்து குட்டிகள் நாளுக்கு 40, 60, 80, 100, 120 கிராம் கூடின என்று வைப்போம். மொடல் 90, 110, 130, 150, 170 என்று சொன்னது. இரண்டு தொடரும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று மட்டும் காட்டும் இணைபுக் கெழு சரியாக 1 வரும். அதைப் பார்த்து மொடல் நூற்றுக்கு நூறு என்று எழுதிவிடலாம். ஆனால் ஒவ்வொரு குட்டிக்கும் 50 கிராம் பிழை! இரண்டு எண்களும் ஒன்றாகவே இருக்கின்றனவா என்று பார்க்க 1989இல் லின் என்பவர் தந்த உடன்பாட்டுக் கெழுவைக் கணக்கிட்டால் இதே தரவுக்கு 0.39 தான் வரும். எவ்வளவு பிழை, அதில் எவ்வளவு எல்லாக் குட்டிக்கும் ஒரே பக்கமாக வரும் பொதுப் பிழை, எவ்வளவு சிதறல் என்று பிரித்துக் காட்டுங்கள். பொதுப் பிழை என்றால் பராமரிப்புக் கணக்கிலோ முதிர் எடையிலோ தேடலாம். வேகமாக வளர்பவற்றில் மட்டும் பிழை கூடினால் எடையாகும் சக்தியின் கணக்கில் தேட வேண்டும். வரைபடத்தில் அளந்ததை நிலைக்குத்து அச்சிலும் மொடல் சொன்னதைக் கிடை அச்சிலும் வையுங்கள். மாற்றி வைத்தால் கோட்டின் சாய்வே வேறாக வரும்.

'புள்ளிவிபர ரீதியில் வித்தியாசமில்லை, ஆகவே மொடல் சரி' என்று முடிப்பதும் பிழை. எட்டே குட்டியை வைத்து, தரவும் சிதறிக் கிடந்தால் எந்த மொடலும் அந்தச் சோதனையில் பாஸ் பண்ணிவிடும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, வானிலை நிலையத்துக் கணக்கை எடுத்துப் போடாதீர்கள். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் நிற்கும் குட்டியும் கிடுகுக் கூரைக்குக் கீழே நிற்கும் குட்டியும் ஒரே வெப்பத்தில் இல்லை. கொட்டிலுக்குள் வெப்பமானியும் ஈரப்பதமானியும் தொங்கவிட்டு, பின்நேரம் குட்டி நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு வாங்குகிறது என்று எண்ணி எழுதுங்கள். மாடுகளுக்கான அமெரிக்கக் கணக்கில், மேலோட்டமாக வேகமாக இளைத்தால் பராமரிப்புச் சக்தியை 7 வீதமும், வாயைத் திறந்து ஆழமாக இளைத்தால் 11 முதல் 25 வீதமும் கூட்டுவார்கள். அதை அப்படியே செம்மறிக்குப் போட முடியாவிட்டாலும், இளைப்பதற்கும் சக்தி செலவாகிறது என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். நெடுந்தீவு போன்ற இடங்களில் கிணற்று நீரின் உவர்ப்பையும் எழுதுங்கள். உவர்ப்பு மிகுந்தால் தீனும் குறையும்.

புழுவை மறந்துவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையோடு இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு பெருகும். ஒரு புழு நாளுக்கு 0.05 மில்லிலீற்றர் இரத்தம் எடுக்கும், ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லிலீற்றர். இந்தக் குட்டியின் எடையை எந்தத் தீன் மொடலும் சரியாகச் சொல்லாது. சோதனை தொடங்க முன்னர் புழு மருந்து கொடுத்து, இடையில் சாணத்தைப் பரிசோதித்து, கண் இமையின் உட்புறச் சிவப்பையும் பார்த்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று. மொடல் பொருந்தவில்லை என்று கண்டதும் சிலர் ஓர் எண்ணை மாற்றி, அதே குட்டிகளிலேயே திரும்ப ஓட்டி, பொருந்திவிட்டது என்று அறிக்கை எழுதுகிறார்கள். விடையைப் பார்த்துவிட்டு எழுதிய பரீட்சை அது. எண்ணை மாற்றுவதில் பிழையில்லை. இந்தக் குட்டிகளின் தரவைத் திருத்தத்துக்கு வைத்துக்கொண்டு, காலபோக அறுவடை முடிந்து தாளடியில் மேய வரும் அடுத்த ஈற்றுக் குட்டிகளில் திருத்திய மொடலைப் பாருங்கள். பிறகு ஆடி வெயிலில் இன்னொரு தொகுதியில் பாருங்கள். மாரியில் பச்சைப்புல் தின்ற குட்டியும் கோடையில் வைக்கோலும் குழையும் தின்ற குட்டியும் ஒரே அறிக்கையில் வந்த பிறகுதான் யாழ்ப்பாணத்துக்கு இந்த மொடல் உதவும் என்று எழுத நான் துணிவேன்.