ஐரோப்பாவில் ரயிலா, விமானமா? டிக்கெட் போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறை நெருங்கினால் போதும், ஜெர்மனிக்குப் புதிதாக வந்த தம்பிமார்கள் ஸ்கிரீன்ஷாட் அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள். "அண்ணா, பிளைட் ஒன்றரை மணி நேரம், டிரெயின் நாலு மணி நேரம், எது போடட்டும்?" நாங்கள் பட்டதையே இவர்களும் வரிசையாகப் படுகிறார்கள். ஏர்போர்ட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போக வேண்டும், பெட்டிக்குத் தனிக் காசு என்பதெல்லாம் ஒரு தடவை போனாலே புரிந்துவிடும், அதை விடுங்கள். நான்கு மணி நேரத்துக்குள் நேரடி ரயில் இருந்தால் யோசிக்காமல் ரயில் என்பது என் கணக்கு: மாட்ரிட்–பார்சிலோனா இரண்டரை மணி, மிலான்–ரோம் மூன்று மணி, பாரிஸ்–ஆம்ஸ்டர்டாம் மூன்றரைக்குள்.

ரயிலையும் விமானத்தையும் தனித்தனி டிக்கெட்டில் ஒட்டவைப்பது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் போகிற காசு அப்படி.

கொலோனில் இருக்கும் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு லிஸ்பன் கிளம்பினார். பிராங்க்பர்ட்டிலிருந்து விமானம் மலிவு. கொலோனிலிருந்து பிராங்க்பர்ட் ஏர்போர்ட்டுக்கு அதிவேகப் பாதையில் ஒரு மணி நேரம்கூட ஆகாது, அதனால் விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய்ச் சேரும் ஒரு சலுகை டிக்கெட்டைத் தனியாக வாங்கிவிட்டார். அன்றைக்குப் பார்த்து அந்தப் பாதையில் ஏதோ கோளாறு, ரயிலை ரைன் ஆற்றோரப் பழைய பாதையில் திருப்பிவிட்டார்கள். மலைமேல் கோட்டை, சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம், ஊரார் காசு கொடுத்துப் படகில் போய்ப் பார்க்கிற காட்சி. இவர்கள் நாலு பேரும் குனிந்து போனில் மணி பார்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். போய்ச் சேர்ந்தபோது பெட்டி போடும் கவுண்டர் மூடியாயிற்று.

ரயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ரயில் கட்டணத்தில் 25 விழுக்காடு திரும்பக் கிடைக்கும், இரண்டு மணி நேரம் தாண்டினால் 50. அதுவும் ரயில் டிக்கெட்டுக்கு மட்டும்தான். போன விமானத்துக்கு ரயில்காரர் பொறுப்பில்லை, வராத ரயிலுக்கு விமானக்காரர் பொறுப்பில்லை. நடுவில் இருக்கிற ஓட்டை முழுக்க நம் தலையில். இன்னொன்று, பல நிறுவனங்கள் போகும் விமானத்தை விட்டவருக்குத் திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்து ரத்து செய்துவிடும். நண்பர் அன்றைக்கு நாலு புது டிக்கெட் வாங்கினார்.

இது அபூர்வம் என்று நினைக்காதீர்கள். 2024இல் ஜெர்மனியின் நெடுந்தூர ரயில்களில் 62.5 விழுக்காடுதான் நேரத்துக்கு வந்தன, அதிலும் 6 நிமிடத்துக்குக் குறைவான தாமதம் தாமதமாகவே கணக்கில்லை.

ஒரே முன்பதிவாகப் போடுங்கள். லுஃப்தான்சா விமான நிறுவனத்தின் எக்ஸ்பிரஸ் ரெயில் என்ற ஒரே டிக்கெட் ஏற்பாட்டில் ரயிலுக்கும் விமான எண் உண்டு, இணைப்பு தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பு. ரெயில் அண்ட் ஃப்ளை என்று விமான டிக்கெட்டோடு மலிவாக ஒரு ரயில் டிக்கெட் வரும், பெயரைப் பார்த்து இரண்டும் ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள். அதில் நேரத்துக்குப் போய்ச் சேருவது உங்கள் பாடு. தனி டிக்கெட்தான் வழி என்றால் இரண்டு ரயில் முன்னதாகக் கிளம்புங்கள். காலை விமானமா, முந்தின நாளே போய்ப் படுத்துக்கொள்ளுங்கள்.

ஏர்போர்ட்டின் ஊர்ப்பெயரை நம்புவது

"பாரிஸ்" என்று பெயர் போட்ட போவே ஏர்போர்ட் பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல், "பிராங்க்பர்ட்" என்று பெயர் போட்ட ஹான் ஏர்போர்ட் பிராங்க்பர்ட்டிலிருந்து 120.

பாரிஸில் ரயில் மாறும்போது ஸ்டேஷனைப் பார்க்காதது

லண்டன் ரயில் வந்து நிற்பது கார் து நோர் ஸ்டேஷனில், பார்சிலோனா ரயில் கிளம்புவது கார் த லியோன் ஸ்டேஷனில். நடுவில் மெட்ரோவோ ஆர்இஆர் என்ற புறநகர் ரயிலோ பிடிக்க வேண்டும், பெட்டியை இழுத்துக்கொண்டு. ஒன்றரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

யூரோஸ்டாரைச் சாதா ரயில் என்று நினைப்பது

லண்டனையும் பாரிஸையும் இணைக்கும் இந்த ரயிலில், லண்டனில் ஏறும் முன்பே பிரெஞ்சு போலீஸ் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிடுவார்கள், புறப்பட அரை மணி நேரம் இருக்கும்போதே கேட் மூடிவிடும். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா தனி, பிரிட்டன் விசா தனி. பாரிஸிலிருந்து இரண்டு நாள் லண்டன் பார்த்துவிட்டுத் திரும்பும் திட்டமென்றால் ஷெங்கன் விசாவில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நுழைய அனுமதி இருக்கிறதா என்று டிக்கெட் போடும் முன் பாருங்கள்.