பணக்காரன் படம் பார்த்துக் கணக்குத் தப்பும் இடங்கள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒரு மாடி மண்டபம். பிளாஸ்டிக் கதிரைகள், ஆளுக்கொரு மைலோ பக்கெற். கழுத்துப்பட்டி கட்டின பெடியன் ஒருவன் முதலில் திரையில் போட்டது, ஹொலிவூட் நடிகர் டிகாப்ரியோ மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் ஊழியர்களைப் பார்த்துக் கத்தும் காட்சி. "நீங்களும் இப்பிடி வரலாம்" என்றான். எனக்குப் பக்கத்திலிருந்த அண்ணை கையைத் தூக்கினார். "தம்பி, படம் முடியேக்க உவர் எங்க நிக்கிறார்?"

"அது தேவையில்லை அண்ணை, மோட்டிவேஷனுக்குத்தான்."

படத்துண்டைப் பார்த்துவிட்டு முழுப்படம் பார்த்ததாக நினைப்பது முதல் தவறு. அது 2013 இல் வந்த 'த வுல்ஃப் ஆஃப் வோல் ஸ்ட்ரீட்'. அதன் நிஜ மனிதர் ஜோர்டான் பெல்ஃபோர்ட், பங்கு விற்பனை மோசடிக்குக் கிடைத்த நான்கு வருடத் தண்டனையில் 22 மாதம் சிறையில் இருந்தவர். ஏமாந்தவர்களுக்கு ஏறத்தாழ 110 மில்லியன் டொலர் திருப்பிக் கொடுக்கும்படி நீதிமன்றம் சொன்னது. மூன்று மணி நேரப் படத்தில் அந்த ஏமாந்தவர்களின் முகம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. தொலைபேசியின் மறுமுனையில் குரலாக வந்து போகிறார்கள்.

ஏன் இல்லை? கதை பெல்ஃபோர்ட் தானே எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது. யார் வாயால் கதை கேட்கிறோம் என்று பார்க்காமல் விடுவதுதான் என் கணக்கில் பெரிய தவறு. படம் எடுத்த காசைப் பற்றியும் கேட்க வேண்டும். மலேசிய அரசின் 1எம்டிபி நிதியத்திலிருந்து திருடிய காசு இந்தப் படத்துக்குள் போனது என்று அமெரிக்க நீதித் திணைக்களம் வழக்குப் போட்டது. தயாரித்த கொம்பனி, தவறை ஒப்புக்கொள்ளாமலே, 2018 இல் 60 மில்லியன் டொலர் கொடுத்து அதை முடித்துக்கொண்டது. மோசடியைப் பற்றிய படத்துக்கே மோசடிக் காசு! மலாயாவில் வேலை செய்து வந்த பென்சனில் கல்வீடு கட்டின எங்கள் ஊர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே உறைக்க வேண்டும்.

அடுத்தது, நல்ல வசனத்தைத் தீர்ப்பாக எடுப்பது. 2007 இல் வந்த மணிரத்னத்தின் 'குரு' திருபாய் அம்பானியின் சாயலில் எடுத்த படம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது அவருடைய வாழ்க்கை வரலாறு அல்ல. கடைசியில், சட்டத்தை மீறி வியாபாரம் செய்ததை விசாரிக்கும் குழுவின் முன் பேச நாயகனுக்கு ஐந்து நிமிடம் கிடைக்கிறது. அதில் அரை நிமிடத்தை மிச்சம் பிடித்து, அதையும் இலாபம் என்கிறான். கைதட்டல் பறக்கும். கேட்ட கேள்விகளுக்கு அந்தப் பேச்சில் என்ன பதில் இருந்தது என்று பிறகு யோசித்தால் அதிகம் ஒன்றுமில்லை.

யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை போரால் பூட்டியிருந்த காலத்தில்தான் அந்தப் படம் வந்தது. கொழும்புக்குப் போகக்கூட அனுமதிக்காக வரிசையில் நின்ற எங்களுக்கு, பெர்மிட்டையும் கட்டுப்பாட்டையும் உடைக்கிறவனில் ஒரு விருப்பம் வந்தது இயல்பு. சரி, சட்டம் பிழையாக இருக்கலாம். ஆனால் அதே காலத்தில் சீனியைப் பதுக்கி வைத்து யானை விலைக்கு விற்றவனும் சட்டத்தைத்தான் உடைத்தான். உடைத்தது யாருடைய வயிற்றில் விழுந்தது என்று பார்த்தால்தான் இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியும்.

மும்பைப் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவைப் பற்றி 2020 இல் வந்த 'ஸ்காம் 1992' தொடர், யார் வாயால் கதை கேட்கிறோம் என்ற விஷயத்தில் பரவாயில்லை. அது பத்திரிகையாளர்கள் எழுதிய புத்தகத்தை வைத்து எடுத்தது. என்றாலும் அதன் இசையை ரிங்டோனாக வைத்திருக்கும் பலருக்கு மோசடி எப்படி நடந்தது என்று தெரியாது. சீட்டு நடத்துகிற அக்கா எல்லாரும் கட்டின காசை எடுத்து, இடையில் தன் கடைக்குச் சரக்கு இறக்குகிறா என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு விற்றால் யாருக்கும் தெரியாது. விற்காவிட்டால் சீட்டு முறியும். மேத்தா அதை வங்கிகளின் காசில் செய்தார். பின்னால் அரசாங்கக் கடன்பத்திரம் எதுவுமே இல்லாத வெறும் வங்கி ரசீதுகளைக் காட்டி எடுத்த காசு பங்குச் சந்தைக்குள் போய் விலைகளை ஏற்றிவிட்டது. 2001 கடைசியில், காவலில் இருக்கும்போதே அவர் இறந்தார்.

படம் முடிகிற இடத்தில் கதையும் முடிந்தது என்று நினைப்பதும் உண்டு. 'சூரரைப் போற்று' நேர்மையான ஒரு முயற்சியின் கதை, எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்கு அடிப்படையான ஏர் டெக்கான் விமானக் கொம்பனி, பிறகு விஜய் மல்லையாவின் கிங்ஃபிஷருக்குக் கைமாறியது. கிங்ஃபிஷர் 2012 இல் பறப்பதை நிறுத்தியது. திரையில் அது எதுவும் வராது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, காசு சேர்த்தவன் எல்லாம் கள்ளன் என்று சொல்லித் திரிவதும் ஒரு சோம்பேறித்தனம்தான்.

அப்புறம் அந்த மண்டபம். ஆள் சேர்த்தால் கொமிஷன், சேர்ந்தவர் ஆள் சேர்த்தால் இன்னும் கொமிஷன். விற்பதற்கு ஒரு பொருளும் கண்ணில் படவில்லை. இலங்கையில் வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் இப்படியான பிரமிட் திட்டம் குற்றம். ஆள் சேர்க்கிறவரும் மாட்டுப்படுவார். தடைசெய்யப்பட்ட திட்டங்களை நடத்தியவர்களின் பெயர்களை மத்திய வங்கி வெளியிடுகிறது; ஃபோனிலேயே பார்க்கலாம். அண்ணை மைலோவைக் குடித்து முடித்துவிட்டு எழும்பினார். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "படம் நல்லாத்தான் இருக்கும் போல, முழுசாப் பாக்கவேணும்" என்றார்.