உறைபனிக்கு முன் பரங்கிக்காயை இறக்கிவிடுங்கள்

ஊட்டிப் பக்கம் நவம்பர் தாண்டினால் எந்த இரவில் உறைபனி விழும் என்று சொல்ல முடியாது. பனி பட்ட பரங்கிக்காய் வெளியே நன்றாகத்தான் தெரியும், கொஞ்ச நாளில் கொழகொழத்துவிடும். அதனால் முன்கூட்டியே, மழை விட்ட நாளாகப் பார்த்துப் பறியுங்கள்.

நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் இறங்கவில்லை, காம்பும் காய்ந்து கட்டைபோல் இருக்கிறது என்றால் சரி, முற்றிவிட்டது. திருகிப் பிடுங்காமல், நாலு விரற்கடை காம்பு விட்டுக் கத்தியால் வெட்டுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்கவே கூடாது. அது கழன்ற இடத்தில்தான் அழுகல் தொடங்கும். போன வருடம் எங்கள் வீட்டில் மூன்று காய்கள் அப்படித்தான் வீணாயின.

சமவெளியில் பத்து நாள் வெதுவெதுப்பில் வைத்தாலே தோல் இறுகிவிடும். இங்கே இந்த மேகமூட்டத்தில் எங்கே வெயில்? அடுப்படிப் பரண்தான் கைகொடுக்கும். அப்புறம் காற்றோட்டமான அறையில், பலகை மேல், ஒன்றையொன்று தொடாமல் அடுக்குங்கள். வெறும் தரையில் ஈரம் ஏறும். 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தாலும் கெடும், எனவே முழுக்காயை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். பேரிக்காய்க் கூடையையும் தள்ளி வையுங்கள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பரங்கிக்கு ஆகாது. இப்படி வைத்தால் இரண்டு மூன்று மாதம் தாங்கும்.