கம்பெனிக்குப் பெயர் கிடைக்குமா? ஆயிரம் ரூபாய் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பண்ருட்டி முந்திரியை வாங்கி, வறுத்து, பாக்கெட் போட்டு விற்கலாம் என்று நானும் மச்சானும் முடிவு செய்தபோது, பெயர் வைப்பதுதான் இருப்பதிலேயே லேசான வேலை என்று நினைத்தோம். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பெயர் முடிவாகிவிட்டது. கடை போர்டுக்கு அளவுகூட எடுத்தாயிற்று. அந்தப் பெயர் எங்களுக்குக் கிடைக்கவில்லை. என்ன பெயர் என்று இங்கே சொல்லப் போவதில்லை, அது இப்போது வேறொருவருடையது. சொல்லப்போனால் எப்போதுமே அவருடையதுதான். நாங்கள்தான் சரியாகத் தேடவில்லை.

பிரைவேட் லிமிடெட் தேவையா, எல்எல்பி (பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்) போதுமா என்பதையெல்லாம் உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே பெயர் விஷயம் மட்டும்.

படி 1: எம்சிஏ தளத்தில் தேடுங்கள்

கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் கம்பெனி, எல்எல்பி பெயர்களைத் தேடிப் பார்க்கும் வசதி இருக்கிறது. இலவசம்தான். பெயரின் முக்கியமான சொல்லை மட்டும் கொடுங்கள். ‘பிரைவேட் லிமிடெட்’, ‘ஃபுட்ஸ்’, ‘டிரேடர்ஸ்’ எதுவும் வேண்டாம். மொபைலில் இதைச் செய்யாதீர்கள், கண் வலிதான் மிச்சம்.

பெயர் இருக்கிறதா என்று ‘உடனே சொல்லும்’ தனியார் தளங்கள் நிறைய உண்டு. அவற்றில் ஒன்றில் என் நம்பரைக் கொடுத்தேன். அப்புறம் ஒரு வாரம், சாப்பிடும் நேரமாகப் பார்த்து போன் வந்துகொண்டே இருந்தது. அமைச்சகத் தளம் மெதுவாக இருக்கும், ஆனால் நம்மைத் துரத்தாது.

தேடலில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் ‘ஸ்ட்ரைக் ஆஃப்’ என்று இருந்தால், பழைய கம்பெனி போய்விட்டது, பெயர் நமக்குத்தான் என்று துள்ள வேண்டாம். பதிவேட்டிலிருந்து நீக்கிய கம்பெனியின் பெயரை, நீக்கிய அறிவிப்பு அரசிதழில் வந்த நாளிலிருந்து 20 வருடத்துக்கு அப்படியே வேறொருவருக்குக் கொடுக்க மாட்டார்கள்.

படி 2: எல்லா ஸ்பெல்லிங்கிலும் தேடுங்கள்

நாங்கள் விழுந்த பள்ளம் இதுதான். நாம் பெயரைத் தமிழில் யோசிக்கிறோம், பதிவதோ ஆங்கில எழுத்தில். எங்கள் பெயரில் ‘டி’க்கு அப்புறம் ஒரு ‘ஹெச்’ போட்டுத் தேடினோம். ஒன்றும் வரவில்லை, ஒரே குஷி. ‘ஹெச்’ இல்லாமல் அதே பெயரில் ஒரு கம்பெனி ஏற்கெனவே இருந்தது. தமிழில் வாசித்தால் இரண்டும் ஒன்றே.

எங்கள் கடலூர் ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்களேன். வாயால் சொல்வது கெடிலம், ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘ஜி, ஏ’ என்று தொடங்கி எழுதுகிறார்கள். அந்தப் பெயர் வேண்டுமென்றால் முதல் எழுத்து ‘ஜி’யா ‘கே’யா, அடுத்தது ‘ஏ’யா ‘ஈ’யா, அதற்கடுத்தது டாக்டருக்கு வரும் ‘டி’யா டீச்சருக்கு வரும் ‘டி’யா என்று பார்க்க வேண்டும். மூன்று இடத்திலும் இரண்டிரண்டு வழி, ஆக எட்டு ஸ்பெல்லிங். எட்டையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாகத் தேடி அடித்துக்கொண்டே வாருங்கள். எக்ஸெல் எல்லாம் வேண்டாம், நோட்டு போதும். ழகரம் உள்ள பெயர் என்றால் இன்னொரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி பதிவு விதிகள் 2014-இல் 8-வது விதியைப் பொறுமையாகப் படித்தால் காரணம் புரியும். ஸ்பெல்லிங் மாற்றம், ஒருமை பன்மை, நடுவில் புள்ளி, கோடு, கடைசியில் டாட் காம், எண்ணைச் சேர்ப்பது இவை எதுவும் பெயரை வேறு பெயராக ஆக்காது. ஸ்ரீ, ஓம், ஜெய், சாய், நியூ, மாடர்ன் என்று முன்னால் ஒட்டித் தப்பித்துவிடலாம் என்றும் நம்ப வேண்டாம்.

எங்களுக்கு இது அப்போது தெரியாது. விண்ணப்பத்தில் இரண்டு பெயர் கொடுக்கலாம் என்றதும், இரண்டாவதாக அதே பெயருக்கு முன்னால் ‘ஸ்ரீ’ போட்டோம். அம்மாவின் யோசனை. ஒரே சீட்டை இரண்டு தடவை வாங்கின மாதிரி ஆயிற்று. திருத்தி அனுப்பக் கிடைத்த ஒரே வாய்ப்பில் மச்சான் பின்னால் ‘கடலூர்’ சேர்த்தான். ஊர்ப் பெயரும் கணக்கில் வராது. விண்ணப்பத்துக்குக் கட்டிய ஆயிரம் திரும்பி வராது.

படி 3: டிரேட்மார்க் பாருங்கள்

கம்பெனிப் பட்டியலில் இல்லாத பெயர் டிரேட்மார்க்காக இருக்கலாம். பதிவான மார்க் மட்டுமில்லை, விண்ணப்ப நிலையில் உள்ளதும் தடைதான், உரிமையாளர் சம்மதம் தந்தால் ஒழிய. டிரேட்மார்க் பதிவுக்கான அரசுத் தளமான ஐபி இந்தியாவின் பொதுத் தேடலில், பெயர் ‘தொடங்கும்’ என்பதற்குப் பதிலாக ‘உள்ளடங்கும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒலி ஒற்றுமைத் தேடல் தனியாக இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பொருள் வகை எண் கேட்கும். வறுத்த முந்திரி 29, வறுக்காத கொட்டை 31, கடை வியாபாரம் 35. மூன்றிலும் பார்த்தேன்.

படி 4: விண்ணப்பம்

எம்சிஏ தளத்தில் கம்பெனி பதிவுக்கு உள்ள ஸ்பைஸ் பிளஸ் படிவத்தின் முதல் பகுதியில்தான் பெயர் கேட்க வேண்டும். கட்டணம் ரூ.1,000, இரண்டு பெயர், ஒருமுறை திருத்தலாம், அதற்கு 15 நாள். டிஜிட்டல் கையெழுத்து இந்தக் கட்டத்தில் தேவையில்லை. படிவத்திலேயே தானாகச் சரிபார்க்கும் பொத்தான் உண்டு. அது ஒன்றும் சொல்லவில்லை என்பதற்காகப் பெயர் கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். அதன் பிறகு ஆள் உட்கார்ந்து பார்க்கிறார். ‘பேங்க்’, ‘இன்ஷூரன்ஸ்’, ‘நேஷனல்’ மாதிரிச் சொற்கள் இருந்தால் தனி அனுமதி கேட்பார்கள், அவற்றின் பக்கமே போகாதீர்கள்.

எல்எல்பி என்றால் பெயருக்குக் கட்டணம் ரூ.200, ஒதுக்கிய பெயர் மூன்று மாதம் நிற்கும்.

பின்சேர்க்கை: புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகி, தான் நினைத்த பெயரில் ஏற்கெனவே ஒரு கம்பெனி இருப்பதைப் பார்த்துவிட்டு, “அண்ணா, அந்தக் கம்பெனி தமிழ்நாட்டில்தானே இருக்கு, நான் பாண்டியில் அதே பெயரில் பதியலாமா?” என்று கேட்டிருந்தார். முடியாதும்மா. பெயர் இந்தியா முழுமைக்கும் ஒன்றுதான். கம்பெனி எண்ணில் மாநிலக் குறி டிஎன் என்பதற்குப் பதில் பிஒய் என்று வரும், அவ்வளவே.

இன்னொன்று: பெயர் கிடைத்த சந்தோஷத்தில் ஒருவர் மாதக் கடைசி வரை இருந்துவிட்டாராம். கம்பெனிக்கு ஒதுக்கிய பெயர் 20 நாள்தான் நிற்கும். அதற்குள் ஸ்பைஸ் பிளஸ் படிவத்தின் இரண்டாம் பகுதியை அனுப்ப வேண்டும். முடியாது என்று தெரிந்தால், நாள் முடியும் முன்பே இன்னொரு ரூ.1,000 கட்டி 40 நாளாக்கலாம், மேலும் ரூ.2,000 கட்டினால் 60. இரண்டாம் பகுதியில் அலுவலக முகவரிக்குக் கரண்ட் பில் கேட்பார்கள், அது இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. வாடகை இடம் என்றால் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதமும் வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்தார். அவர் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டது பதினெட்டாம் நாள்.