வெங்காய வேர்ல செல் பிரியறத பாக்க, அந்த நுனிய விட்றாதீங்க

ஸ்லைடு சரியா வரலன்னா எல்லாரும் மைக்ரோஸ்கோப்ப தான் குறை சொல்றாங்க, ஆனா பெரும்பாலும் தப்பு வேர வெட்டற இடத்துல தான் நடக்குது. நுனியிலேர்ந்து 1-2 மில்லிமீட்டர், செல்லு மும்முரமா பிரியறது அங்க தான். அதுக்கு மேல போனா செல்லெல்லாம் நீள நீளமா வளந்து நிக்கும், எவ்ளோ நேரம் தேடினாலும் ஒரு குரோமோசோம் கூட கண்ணுல படாது.

வெங்காயத்தோட காஞ்ச வேர ஒட்ட செதுக்கிட்டு, அடிப்பாகம் மட்டும் தண்ணிய தொடற மாதிரி ஒரு கிளாஸ் மேல வைங்க. வேர் ரெண்டு சென்டிமீட்டர் வந்ததும் நுனிய வெட்டி உடனே 3 பங்கு ஆல்கஹால், 1 பங்கு கிளேசியல் அசிட்டிக் ஆசிட் கலந்ததுல ஒரு நாள் போட்டு வைங்க, செல்லு எந்த நிலையில இருந்துச்சோ அப்படியே நின்னுடும். பின்னாடி பாக்கறதா இருந்தா 70% ஆல்கஹாலுக்கு மாத்திடலாம்.

அடுத்து அந்த நுனிய 1 நார்மல் (1N, ஆசிட்டோட செறிவு அளவு) ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல, 60 டிகிரி சூட்டுல ஒரு 5 நிமிஷம் போடுங்க (கிளவுஸ், கண்ணாடி கட்டாயம் போடுங்க). செல்லுங்கள ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வச்சிருக்கற பெக்டின் இதுல இளகிடும். இத விட்டா எவ்ளோ அழுத்தினாலும் கட்டி கட்டியா தான் நிக்கும். தண்ணில அலசிட்டு, நுனிய மட்டும் நறுக்கி ஸ்லைடுல வச்சு அசிட்டோகார்மின் (குரோமோசோம சிவப்பாக்கற சாயம்) ஒரு சொட்டு விட்டு பத்து நிமிஷம் விடுங்க.

கவர் ஸ்லிப்ப மூடி, பென்சில் பின்பக்கத்தால மெதுவா தட்டிப் பாருங்க, அந்த சிவப்புப் புள்ளி கொஞ்சம் கொஞ்சமா கலைஞ்சு ரோஸ் கலர் புகை மாதிரி பரவும், அத பாக்கறதே அவ்ளோ அழகு! அப்புறம் ஃபில்டர் பேப்பர மடிச்சு மேல வச்சு கட்டை விரலால நேரா அழுத்துங்க, பக்கவாட்டுல துளி நகர்ந்தாலும் செல்லு சுருண்டு போயிடும்.

முதல்ல 10எக்ஸ்ல சதுரமான, நியூக்ளியஸ் பெருசா இருக்கற செல்லுங்கள தேடிட்டு 40எக்ஸுக்கு போங்க. நிறைய செல்லு இன்டர்ஃபேஸ்ல (இன்னும் பிரிய ஆரம்பிக்காத நிலை) தான் இருக்கும், அதனால சோர்ந்துடாதீங்க. குரோமோசோமெல்லாம் நூல்கண்டு மாதிரி இருந்தா புரோஃபேஸ், நடுவுல வரிசை கட்டி நின்னா மெட்டாஃபேஸ், வி ஷேப்ல ரெண்டு பக்கமும் இழுபட்டா அனாஃபேஸ். கடைசி நிலையான டீலோஃபேஸ்ல நடுவுல ஒரு மெல்லிய கோடு தெரியுதான்னு பாருங்க, அது புதுசா உருவாகற செல் பிளேட், விலங்கு செல்லுன்னா அங்க இடுப்பு மாதிரி உள்ள ஒடுங்கும். வெங்காயத்துக்கு மொத்தம் 16 குரோமோசோம், எல்லாம் ஒரே தளத்துல கிடக்காது, ஃபைன் ஃபோகஸ மேலயும் கீழயும் திருப்பிட்டே எண்ணுங்க.