வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தும் விடை ஏன் தப்புகிறது?

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் மின்திறன். இதை யாரும் மறப்பதில்லை. எந்த வோல்ட்டை, எந்த ஆம்பியரைப் போடுவது என்பதில்தான் சறுக்குகிறார்கள்.

அலகுத் தவறு சின்னது, ஆனால் ஆயிரம் மடங்கு தள்ளிவிடும். 12 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் என்றதும் 12-ஐ 20-ஆல் வகுத்து 0.6 ஓம் என்று எழுதுவார்கள். 20 மில்லி ஆம்பியர் என்றால் 0.02 ஆம்பியர், விடை 600 ஓம்.

எல்.இ.டி. கணக்கு வேறு மாதிரி ஏமாற்றும். 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்.இ.டி., 20 மில்லி ஆம்பியர். 9-ஐ 0.02-ஆல் வகுத்து 450 ஓம் என்றால் தவறு. ரெசிஸ்டருக்கு முழு 9 வோல்ட் கிடைப்பதில்லை, எல்.இ.டி. சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 7 வோல்ட், எனவே 350 ஓம். அதில் வெப்பமாகும் திறனும் 7 × 0.02, அதாவது 0.14 வாட், கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும். இங்கேயே நிறுத்தாமல், '2-ஐ 0.02-ஆல் வகுத்தால் எல்.இ.டி.யின் மின்தடை 100 ஓம். 4 வோல்ட் கொடுத்தால் 40 மில்லி ஆம்பியர் ஓடும்' என்று போய்விடாதீர்கள். எல்.இ.டி. ஓம் விதிக்குக் கட்டுப்பட்டதல்ல. நேரடியாக 4 வோல்ட் கொடுத்தால் கருகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த தவறு குண்டு பல்புடையது. 230 வோல்ட், 60 வாட் பல்பை மல்டிமீட்டரில் அளந்தால் அறுபது, எழுபது ஓம்தான் காட்டும். அதை வைத்துத் திறனைக் கணக்கிட்டால் 800 வாட் பக்கம் வந்து நிற்கும்! மீட்டரில் கோளாறில்லை, சூத்திரத்திலும் இல்லை. நாம் அளந்தது குளிர்ந்த இழையை. எரிவதோ 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிய இழை. அந்தச் சூட்டில் டங்ஸ்டனின் மின்தடை பத்து மடங்குக்கும் மேல் ஏறிவிடுகிறது. எரியும்போது ஓடும் 0.26 ஆம்பியரை வைத்து வகுத்தால் சுமார் 880 ஓம் வரும். பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும் நொடியில் ஃபியூஸ் போவதற்கும், மின்தடை குறைவாக இருப்பதால் அதிக ஓட்டத்தைப் பாயவிடும் இந்தக் குளிர்ந்த இழைதான் முக்கியக் காரணம்.

230 வோல்ட்டில் 1,000 வாட் எடுக்கும் ஹீட்டருக்கு 115 வோல்ட் கொடுத்தால்? 500 வாட் என்பவர்கள் பழைய 4.35 ஆம்பியரையே வைத்துப் பெருக்குகிறார்கள். அழுத்தம் பாதியானால் ஓட்டமும் பாதியாகும். கிடைப்பது 250 வாட். (மின்தடை கூடினால் திறன் கூடுமா, குறையுமா என்று வாதிடுபவர்கள் முதலில் எது மாறாமல் இருக்கிறது என்று சொல்லட்டும். ஓட்டம் மாறாவிட்டால் கூடும். அழுத்தம் மாறாவிட்டால் குறையும்.)

ஏ.சி. மோட்டாரில் இரண்டு சூத்திரங்களுமே கைவிடும். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும் ஒற்றை ஃபேஸ் மோட்டாருக்கு 1,150 என்று வருவது வாட் அல்ல, வோல்ட்-ஆம்பியர். பவர் ஃபேக்டர் (வோல்ட்-ஆம்பியரில் உண்மைத் திறனாகும் பங்கு) 0.8 என்றால் உண்மைத் திறன் 920 வாட். வகுத்தால் வரும் 46 ஓமும் சுருளின் மின்தடை அல்ல, இம்பீடன்ஸ், அதாவது ஓடும் மோட்டார் ஏ.சி. ஓட்டத்துக்குக் காட்டும் மொத்த எதிர்ப்பு. சுருளை மல்டிமீட்டரில் அளந்தால் அதைவிட மிகக் குறைவாகவே காட்டும். அதைப் பார்த்து மோட்டார் ஷார்ட் ஆகிவிட்டது என்று பயந்து பிரித்துவிட வேண்டாம்.