உப்புச் சாடியைத் தராசில் வையுங்கள்: சமையல் வகுப்புக்குப் போகிறவர்களுக்கு

"பதினெட்டு வருஷமா சமைக்கிற, உனக்கு இன்னும் என்ன வகுப்பு?" என்று நாத்தனார் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் பதினெட்டு வருஷமாக ஒரே தப்பைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்திருந்தது. என் மீன் குழம்பு ஒரு நாள் அமிர்தமாக இருக்கும், மறுவாரம் சப்பென்று இருக்கும். காரணம் மட்டும் பிடிபடாது. நான் பிறந்தது பரமக்குடி. அங்கே எங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் கண்மாய் மீன், அதுவும் எப்போதாவது. ராமநாதபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் கடல் மீனையே கையில் எடுத்தேன். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் இல்லை.

முதலில் போன வகுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நீங்களாவது பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். நோட்டீஸில் 'செய்முறைப் பயிற்சி' என்று போட்டிருந்தது. 1,500 ரூபாய் கட்டினேன். போய்ப் பார்த்தால் முப்பது நாற்காலி, ஒரு அடுப்பு, மைக் பிடித்த ஒரு மாஸ்டர். அவர் தாளித்தார், நாங்கள் கை தட்டினோம். அன்றைக்கு நான் கையால் தொட்ட ஒரே பொருள் பேப்பர் தட்டு. அச்சடித்த குறிப்பு ஒன்று தந்தார்கள். அது இன்னும் மடித்தபடியே பீரோவில் கிடக்கிறது.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு அடுப்புக்கு எத்தனை பேர்? நாலு பேருக்கு மேல் என்றால் பாதிப் பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். மீன், கறி, காயெல்லாம் நாங்களே கழுவி வெட்ட வேண்டுமா, வெட்டினதே வருமா? வெட்டினதே வரும் என்றால் பாதி வேலையை வேறு யாரோ கற்றுக்கொண்டாயிற்று. மூன்று மணி நேரத்தில் எத்தனை அயிட்டம்? எட்டு, பத்து என்று பெருமையாகச் சொன்னால் விட்டுவிடுங்கள். இரண்டு என்று சொல்கிறவரிடம் போங்கள்.

போர்டு மாட்டிய வகுப்புதான் வேண்டும் என்றும் இல்லை. எனக்கு நிஜமாகச் சொல்லித்தந்த இரண்டு பேருமே வகுப்பு நடத்துகிறவர்கள் இல்லை. ஒருவர் கீழக்கரையில் ஆர்டருக்குத் தொதல், வட்டிலப்பம் என்ற இனிப்புகள் செய்து கொடுக்கும் லாத்தா. அங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். இன்னொருவர் மண்டபத்தில் மீன் வியாபாரம் செய்யும் அக்கா. "சமையல் சொல்லித்தர்றீங்களா?" என்று கேட்டால் இவர்கள் கூச்சப்பட்டு, "எனக்கென்னம்மா தெரியும்" என்று ஒதுங்கிவிடுவார்கள். "அடுத்த ஆர்டர் செய்யும்போது நானும் கூட நின்னு கிண்டுறேன், சாமான் காசும் உங்க கூலியும் தந்துர்றேன்" என்று கேளுங்கள். லாத்தா உடனே நாள் சொல்லிவிட்டார். கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்வது முக்கியம். அன்பாகச் சொல்லித்தருகிறார் என்று சும்மா வந்துவிடக் கூடாது. அது அவர் பிழைப்பு.

நாள் பார்ப்பதும் இந்தக் கரையில் ஒரு வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகு மீன் வரத்தான் செய்யும், ஆனால் விலை ஏறியிருக்கும். அந்த விலைக்கு வாங்கிய முழு மீனை உங்களிடம் தந்து "நீ வெட்டு" என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. மீன் கற்றுக்கொள்ள ஜூன் கடைசிக்கு மேல் போங்கள். தொதல், வட்டிலப்பம் என்றால் ரமலான் கடைசிப் பத்து நாள் வேண்டாம். ஆர்டர் நெருக்கடியில் உங்களை யாரும் கவனிக்க முடியாது.

கையில் என்ன கொண்டு போவது? வீட்டில் தினம் பிடிக்கிற கத்தி அல்லது அரிவாள்மனை, பழைய பருத்தித் துணி இரண்டு, ஒரு சமையல் தராசு. நகத்தை வெட்டிவிட்டுப் போங்கள். போன் பையிலேயே இருக்கட்டும். வீடியோ எடுக்கிறவர் கை எதையும் கிண்டாது.

தராசு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். லாத்தாவுக்கும் அக்காவுக்கும் அளவு என்பதே கைதான். "எவ்வளவு உப்பு?" என்றால் "ஒரு கை." "எவ்வளவு புளி?" என்றால் "இந்தா, இவ்வளவு." நிறுத்தி நிறுத்திக் கேட்டால் அவர்களுக்குக் கை தடுமாறிவிடும். அதனால் கேட்கவே கேட்காதீர்கள். உப்புச் சாடியை அப்படியே தராசின் மேல் வைத்துவிடுங்கள். அவர் எடுப்பதற்கு முன் ஒரு எண், எடுத்த பின் ஒரு எண். அவர் பாட்டுக்குச் சமைப்பார், உங்களுக்குக் கணக்கு வந்துவிடும். மண்டபத்து அக்காவின் ஒரு கை 18 கிராம். வீட்டுக்கு வந்து என் கையை அள்ளிப் பார்த்தேன், 11 கிராம். "ஒரு கை உப்பு" என்று நோட்டில் எழுதிவிட்டு வந்திருந்தால் இன்னும் பதினெட்டு வருஷம் சப்பென்றுதான் சாப்பிட்டிருப்போம்.

அக்கா போட்டது கல் உப்பு என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொண்டேன். கல் உப்பில் இடைவெளி அதிகம். அதே கரண்டியில் தூள் உப்பை அள்ளினால் எடை கூடிவிடும், குழம்பு கரிக்கும். மிளகாயும் அப்படித்தான். இங்கே அரைப்பது குண்டு மிளகாய். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதுதான். தோல் தடித்து, உருண்டையாக, குலுக்கினால் உள்ளே விதை சலசலக்கும். வேறு ஊரில் இருந்துகொண்டு "பத்து மிளகாய்" என்ற கணக்கில் நீள மிளகாயைப் போட்டால் நிறமும் வராது, காரமும் வேறாகிவிடும். எண்ணிக்கையை விட்டுவிட்டு எடையை எழுதுங்கள், எந்த மிளகாய் என்பதையும் எழுதுங்கள்.

வகுப்பில் அழுக்கு வேலையைக் கேட்டு வாங்குங்கள். எல்லோரும் தாளிக்க முந்துவார்கள், கணவாய் சுத்தம் செய்ய ஆள் இருக்காது. அக்கா எனக்கு முதல் நாள் தந்தது அரைக் கிலோ ஊசிக்கணவாய். ஒரு கையில் உடம்பைப் பிடித்து, மறு கையால் தலையை மெதுவாகத் திருகி இழுத்தால் குடலோடு சேர்ந்து வரும். அதில் வெள்ளிச் சரிகை மாதிரி மின்னும் சின்னப் பை ஒன்று இருக்கும், அதுதான் மை. நான் அவசரப்பட்டு இழுத்ததில் அது உடைந்து பேசினே கறுத்துப்போனது. அக்கா சிரித்துவிட்டு, என் கட்டைவிரலைப் பிடித்து நகர்த்தி, தலைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார். "இங்க புடி. வெளிய புடிச்சா அந்துரும்." அவ்வளவுதான் பாடம். இரண்டு விரல்கடை தூரம். அடுத்த எட்டுக் கணவாயிலும் பை முழுசாக வந்தது. உள்ளே கண்ணாடி ஈர்க்கு மாதிரி இருக்கும் தண்டை உருவி, வாய்ப் பக்கம் கிளிமூக்கு மாதிரி இருப்பதைப் பிதுக்கி எடுத்து, தோலை உரித்தால் முடிந்தது. அடுப்பில் நல்ல சூட்டில் இரண்டு மூன்று நிமிஷம், இல்லையென்றால் அரை மணி நேரத்துக்கு மேல் மெல்ல வேகவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இறக்கினால் செருப்புத்தோல்.

தப்பு செய்யும்போது மறைக்காதீர்கள். இது எனக்குக் கீழக்கரையில் புரிந்தது. தொதல் கிண்ட நாலு பேர் இருந்தோம், ஆளுக்குக் கால் மணி நேரம் முறை. அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டிப் பாகு எல்லாம் சேர்ந்து முதலில் கஞ்சி மாதிரிதான் இருக்கும், சுலபமாகத் தோன்றும். முக்கால் மணி நேரம் தாண்டியதும் துடுப்பு கனக்க ஆரம்பிக்கும். என் முறையில் லேசாக ஒரு தீய்ந்த வாடை வந்தது. நான் கவனிக்காத மாதிரி வேகமாகக் கிண்டினேன். லாத்தா சமையலறை வாசலிலேயே மோந்துவிட்டார். "நடுவுல ஏம்மா சுத்துற? ஓரத்துலயும் அடியிலயும் சுரண்டு" என்று என் கை மேல் கை வைத்து ஒரு சுற்று ஓட்டினார். சட்டியின் வளைவில், பக்கமும் அடியும் சேரும் இடத்தில் துடுப்பு உரச வேண்டும். அந்த உரசல் சத்தம் விட்டுப்போனால் அங்கே அடி பிடிக்கிறது என்று அர்த்தம். பதம் எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, துடுப்பு போன தடம் மூடாமல் சட்டியின் அடி தெரிய வேண்டும், ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்க வேண்டும் என்றார்.

அன்று மாலை திருப்புல்லாணி வழியாக பஸ்ஸில் திரும்பும்போது தோள்பட்டை விண்விண் என்று வலித்தது. நோட்டை எடுத்து அங்கேயே எழுதினேன். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் வாசலிலேயே ஆயிரம் வேலை காத்திருக்கும். சாமான் பட்டியலை எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம், அதை எப்போது கேட்டாலும் சொல்வார்கள். சத்தம், வாடை, கை கனத்த நேரம், நீங்கள் எங்கே திருத்தப்பட்டீர்கள், இவைதான் மறுநாள் மறந்துபோகும்.

மூன்று நாளுக்குள் வீட்டில் ஒரு தடவை செய்துவிடுங்கள், யாரையும் விருந்துக்குக் கூப்பிடாமல். முதல் தடவை அளவைக் குறைக்கலாம் என்று தோன்றும். நான் கால் பங்காகக் குறைத்துவிட்டு அதே அகலச் சட்டியில் வைத்தேன். சட்டி அகலம், சரக்கு கொஞ்சம், தண்ணீர் சீக்கிரம் வற்றி மாவு வேகும் முன்பே இறுகிவிட்டது. குறைப்பதென்றால் சட்டியையும் சின்னதாக எடுங்கள், தீயையும் குறையுங்கள். மீன் குழம்பு அந்த வாரமே சரியாக வந்துவிட்டது. மீனைப் போட்ட பிறகு கரண்டி வைக்காமல் சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றியதில் ஒரு துண்டுகூட உடையவில்லை.

தொதல்தான் படுத்தியது. மூன்றாவது தடவை செய்ததைப் போட்டோ எடுத்து லாத்தாவுக்கு அனுப்பினேன், கொஞ்சம் பெருமையாகத்தான். பத்து நிமிஷத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது: "நெறம் நல்லாயிருக்கும்மா. ஓரத்துல எண்ணெயே காணோமே, கை வலிச்சதும் எறக்கிட்டியா?"

இறக்கித்தான் விட்டிருந்தேன். அதற்குள் நாத்தனார் பாதி டப்பாவைக் காலி பண்ணியிருந்தாள்.